சாங்ஜோவில் கூவியவர்

ஸோங் பாவ்லினுக்கு ஒழுங்காக ஒரு குத்துகூட விடத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பெய்ஜிங் தேநீர்க்கடைகளில் கதை சொல்லிப் பிழைக்கும் ஆசாமிகள் இப்போது அவரைப் பற்றி அளந்துவிடுகிற கதையில் அவர் சுவரேறிக் குதிக்கிறார், ஓட்டுக்கூரை மேல் ஓடுகிறார், பறந்து வரும் அம்பைப் பல்லால் கவ்வுகிறார். பல் விஷயம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவருக்குக் கடைவாயில் நாலு பல் சொத்தை. சோளரொட்டியைக்கூட வெந்நீரில் நனைத்துத்தான் தின்பார்.

அவர் எங்கள் வழிக்காவல் கம்பெனியின் கட்டியக்காரர். நான் அதே கம்பெனியில் வண்டிக்காரன், பெயர் ஷுவான். வியாபாரிகளின் தோல், பட்டு, மருந்துவேர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பெய்ஜிங்கிலிருந்து தெற்கே ஜினான் வரைக்கும் கொள்ளைக்காரர்கள் கையில் சிக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் தொழில். வாளும் ஈட்டியும் பிடித்த காவலர்கள் வண்டிகளோடு நடந்து வருவார்கள். எல்லோருக்கும் முன்னால், நூறடி தள்ளி, கம்பெனிக் கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பாவ்லின் அண்ணன் போவார். காடோ பாலமோ சத்திரமோ ஊர் எல்லையோ, எது வந்தாலும் "ஹே... ஊ..." என்று கூவிவிட்டுக் கம்பெனியின் பெயரைச் சொல்வார். நாமெல்லாம் ஒரே குடும்பம், வழி விடுங்கள் என்று அதற்கு அர்த்தம்.

காட்டுக்குள் பதுங்கியிருப்பவனுக்கு அந்தக் குரல் காதில் விழுந்ததுமே வருவது யார், தலைவர் யார், போன புத்தாண்டுக்கு அவர் என்ன அனுப்பி வைத்தார் என்பதெல்லாம் ஞாபகம் வந்துவிடும். பேசாமல் புதருக்குள்ளேயே உட்கார்ந்துகொள்வான். எங்கள் தலைவர் நியே பதினாறு வயதில் கத்தி பிடித்தவர். அவரோடு நான் போன முப்பத்தொரு பயணத்தில் அவர் கத்தியை உறையிலிருந்து உருவியது இரண்டே தடவை, அதில் ஒன்று தர்பூசணி வெட்ட. சண்டை போடாமல் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவன்தான் கெட்டிக்காரன். இது கதைசொல்லிகளுக்குப் பிடிக்காது. கூரை மேல் ஓடினால்தானே தட்டில் காசு விழும்.

பாவ்லின் அண்ணனின் அப்பா பெருங்கால்வாயில் தானியப் படகுக்குக் கயிறு இழுத்தவர். முப்பது பேர் சேர்ந்து இழுக்கும்போது அடி பிசகாமல் இருக்க ஒருவர் பாட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு வயதிலேயே இவர்தான் அந்தப் பாட்டை எடுத்தாராம். ஒருநாள் கரையில் போய்க்கொண்டிருந்த நியே குரலைக் கேட்டுக் குதிரையை நிறுத்திவிட்டார். பையன் கண்ணுக்குத் தெரியவில்லை, படகும் தெரியவில்லை, குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. வளைவு தாண்டிப் படகு வந்து சேரும் வரைக்கும் காத்திருந்து, அவர் அப்பாவிடம் பேசிக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கம்பெனியில் சேர்ந்ததும் எல்லோரையும் போல அவருக்கும் அடிமுறை சொல்லிக் கொடுக்கப் பார்த்தார்கள். முழங்காலை மடக்கிக் குதிரை மேல் உட்கார்ந்த மாதிரி ஒரு நாழிகை நிற்க வேண்டும். இவர் நின்றார், ஆடினார், பின்னால் சாய்ந்து காவலர்களின் மூத்திரச் சட்டிமேல் போய் உட்கார்ந்தார். நியே அன்றைக்கே சொல்லிவிட்டாராம்: "போதும்டா சாமி. உனக்கு வாய் இருக்கு, அது போதும். கைகாலை எதிலயும் போடாத."

அந்த வாயால் வீட்டில் நிம்மதி இல்லை. அவர் மனைவி யூன் அண்ணி தலையில் அடித்துக்கொள்வார். "உப்பு வேணும்னா மெதுவா கேளுங்களேன். நம்ம வீட்டுல உப்பு கொறைவுன்னு மூணு தெருவுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்பார். அண்ணன் சிரிப்பார். அந்தச் சிரிப்பும் மூன்று தெருவுக்குக் கேட்கும்.

இவ்வளவு பெரிய குரலை வைத்துக்கொண்டு அவர் வாயைத் திறக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. அது சாங்ஜோ. வழியிலுள்ள மற்ற ஊரில் எல்லாம் கூவாமல் போனால் தப்பு, சாங்ஜோவில் கூவினால் தப்பு. அந்த ஊரில் தெருவுக்கு ஒரு பயிற்சிக்கூடம். எண்ணெய் விற்கிறவன் ஈட்டி பிடிப்பான். தொழுகைக்குப் போகிற பெரியவர் நூறு குத்து விட்டுவிட்டுத்தான் காலைக் கஞ்சியைத் தொடுவார். அங்கே வந்து நாங்கள் இன்னார் என்று கூவுவது அவர்கள் வாசலில் நின்று தொடை தட்டுவதற்குச் சமம். அதனால் ஊருக்கு ஐந்து கல் தொலைவிலேயே கொடியைச் சுருட்டி உறையில் போட்டுவிடுவோம். கழுதைகளின் கழுத்துமணியில் பஞ்சை அடைத்துவிடுவோம். தலைவர் மட்டும் முன்னால் போய், கால்வாய் வாசலில் இருக்கும் பெரிய கூடத்தில் தன் பெயர்ச்சீட்டைக் கொடுத்து வணக்கம் சொல்லி, ஒரு கோப்பை தேநீர் குடிப்பார். நாங்கள் சத்தம் காட்டாமல் ஊரைக் கடந்துபோவோம். என் தாத்தா காலத்துக்கும் முந்திய வழக்கம் இது. பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் இப்படித்தான் போயின.

குவாங்ஷு பேரரசரின் பதினெட்டாவது வருஷம், பன்னிரண்டாவது மாதம், நாங்கள் மூன்று வண்டிகளோடு சாங்ஜோவை நெருங்கினோம். மூன்று நாளாகப் பனிக்காற்றில் நடுங்கியபடி வந்த எங்களுக்கு அன்றைக்குத்தான் வெயில் கிடைத்தது. நடுப்பகல். இடது பக்கம் கால்வாய், ஓரத்தில் மட்டும் மெல்லிசாக உறைந்திருந்தது. நியே முன்னாலேயே ஊருக்குள் போய்விட்டார். என் வண்டி முதல் வண்டி. பின்வண்டிகள் இரண்டும் வளைவுக்கு அப்பால் பின்தங்கியிருந்தன, காவலர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவற்றின் மறைவில் குனிந்த தலையோடு வந்தார்கள். மணிகளில் பஞ்சு அடைத்தாகிவிட்டது.

வண்டிக்காரனை விழித்திருக்க வைப்பது அவன் கண் இல்லை, மணிச்சத்தம்தான். மணி ஒலித்துக்கொண்டே இருந்தால் வண்டி போகிறது என்று அர்த்தம், நின்றால் ஏதோ கோளாறு. பதினொரு வருஷமாக என் காது அதற்குப் பழகியிருந்தது. அன்றைக்கு மணியும் இல்லை, கூவலும் இல்லை, முதுகில் இதமான வெயில். எப்போது கண் மூடினேன் என்று எனக்கே தெரியாது. கடிவாளக் கயிறு கையிலிருந்து நழுவியதும் தெரியாது.

முன்னால் போய்க்கொண்டிருந்த பாவ்லின் அண்ணன் ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்திருக்கிறார். என் வண்டி பாதையை விட்டுக் கரையோரம் சாய்ந்துகொண்டிருக்கிறது. என் தலை மார்பில் தொங்குகிறது. ஓடிவர நூறடி தூரம். அந்த நேரத்தில் 'ஷுவான்' என்று என் பெயரைக் கூப்பிட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. 'அடப்பாவி' என்று கத்தியிருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இருபது வருஷமாக ஆபத்து என்றால் அந்த வாயிலிருந்து வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"ஹே... ஊ...!"

கழுதைகளுக்கு அந்தக் குரல் பழக்கம். சத்திரத்து வாசலில் அதைக் கேட்டால் நிற்க வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியும். அப்படியே நின்றன. இடது சக்கரம் அதற்குள் கரையிலிருந்து இறங்கிப் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு அச்சுவரைக்கும் சேற்றில் புதைந்திருந்தது. இன்னும் ஒரு முழம் போயிருந்தால் வண்டி குப்புறக் கவிழ்ந்திருக்கும், அடியில் நான் இருந்திருப்பேன். அந்தத் தண்ணீரில் விழுந்தவன் வெளியே வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அண்ணன் ஓடிவந்து கழுதையின் வாய்வாரைப் பிடித்து இழுத்து வண்டியைப் பாதையில் ஏற்றினார். மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"தூங்கிட்டியாடா?"

நான் வண்டியிலிருந்து இறங்கி அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். காவல் கம்பெனியில் வழியில் தூங்கிய வண்டிக்காரனுக்கு ஒரே தண்டனைதான். பதிவேட்டில் பெயரை அடித்துவிடுவார்கள். ஒரு கம்பெனியில் அடித்தால் எல்லாக் கம்பெனியிலும் அடித்த மாதிரி. அதற்குப் பிறகு எருவண்டிகூட ஓட்டக் கிடைக்காது.

"அண்ணே, தலைவர்கிட்ட சொல்லிடாதீங்கண்ணே. வீட்டுல அவ வாயும் வயிறுமா இருக்கா. நாள் நெருங்கிடுச்சு. தெருவுல நிப்போம்ணே."

"சரி சரி, எழுந்திரு. பொம்பள மாதிரி அழாத."

"சொல்லமாட்டேன்னு சொல்லுங்கண்ணே."

"சொல்லமாட்டேன்டா. செத்தாலும் சொல்லமாட்டேன். போதுமா? மூக்கைத் தொடை."

அப்போதுகூட எங்கள் இருவருக்கும் என்ன நடந்துவிட்டது என்று உறைக்கவில்லை. பின்வண்டியிலிருந்து ஓடிவந்த காவலர்களின் முகத்தைப் பார்த்ததும்தான் உறைத்தது. அவர்களில் மூத்தவனுக்கு உதடு வெளுத்துப் போயிருந்தது.

"யோவ் பாவ்லின், எங்க நின்னு என்னய்யா கூவின?"

அண்ணன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். எதிரே சாங்ஜோவின் மதில் தெளிவாகத் தெரிந்தது.

"எதுக்குய்யா கூவின? பைத்தியமா உனக்கு?"

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "பழக்கதோஷம்" என்றார். "வாய் தானா தெறந்துடுச்சு."

திரும்பிப் போக வழியில்லை. போனால் குற்றம் செய்துவிட்டு ஓடினோம் என்று ஆகும், தலைவரோ உள்ளே இருக்கிறார். நடந்தோம். ஊர் வாசலை நெருங்க நெருங்கப் பாதையின் இருபுறமும் ஆட்கள் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். ஒருவர் கையில் மாவு ஒட்டியிருந்தது, பாதி ரொட்டி தட்டும்போதே எழுந்து வந்திருக்கிறார். இன்னொருவர் இறைச்சிக் கத்தியைத் துடைத்துக்கொண்டே வந்தார். நாங்கள் கடந்ததும் அவர்கள் பின்னாலேயே நடந்து வந்தார்கள். எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கழுதையின் காதையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

கால்வாய் வாசல் கூடத்தின் ஆசான் பெயர் ஹா. ஐம்பது வயது இருக்கும், குள்ளம், வெள்ளைக் குல்லா, பார்த்தால் மளிகைக்கடைக்காரர் மாதிரி இருப்பார். எங்கள் தலைவர் அவருக்கு எதிரே உட்கார்ந்து, 'எங்க ஆளுங்க சத்தம் காட்டாம போயிடுவாங்க' என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த நொடியில்தான் கூவல் கேட்டதாம். கையில் இருந்த கோப்பையைக் கீழே வைக்கவும் முடியவில்லை, குடிக்கவும் முடியவில்லை என்று நியே பிறகு சொன்னார்.

கூடத்து முற்றத்தில் எங்களை நிறுத்தினார்கள். என் வண்டியையும் உள்ளேயே கொண்டுவரச் சொன்னார்கள். ஹாவின் மூத்த சீடன், மலை மாதிரி இருந்தான், அண்ணனின் கையிலிருந்த உறையைப் பிடுங்கி, சுருட்டிய கொடியை எடுத்து ஆசான் முன்னால் மேசையில் வைத்தான். கொடி போன கம்பெனிக்கு யாரும் சரக்குத் தரமாட்டார்கள். இருபத்தாறு பேருடைய அடுப்பு அந்தத் துணியில்தான் எரிந்துகொண்டிருந்தது.

நியே எழுந்து கைகூப்பினார். "ஆசான், என் ஆள் செஞ்ச தப்பு என் தப்பு. நான் நிக்கறேன். யாரை வேணாலும் அனுப்புங்க."

"நீங்க நின்னா அது சண்டை, நியே ஐயா" என்றார் ஹா. குரலை உயர்த்தவே இல்லை. "சண்டைன்னு வந்தா ரெண்டு பக்கமும் பொணம் விழும். நமக்குள்ள அது வேணாம். கூவின வாய் எதுவோ அது பதில் சொல்லட்டும். மூணு கை. வாங்கிட்டு எழுந்து நின்னு, அவரே கொடியை எடுத்துக்கிட்டா, இப்படி ஒண்ணு நடக்கவே இல்ல. எழுந்திரிக்கலேன்னா கொடி இங்க இருக்கும்."

மூன்று கை என்றால் மூன்று அடி. தடுக்கக் கூடாது, திருப்பி அடிக்கக் கூடாது. அடிமுறை பழகியவனுக்கு மூச்சைக் கட்டி உடம்பை இறுக்கிக்கொள்ளத் தெரியும். அண்ணனுக்கு மூத்திரச் சட்டிமேல் விழத்தான் தெரியும்.

"ஆசான், இவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் நியே. அவர் குரல் உடைந்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். "இவன் வெறும் கட்டியக்காரன்."

"நிக்கிற நிலையைப் பார்த்தாலே தெரியுது" என்றார் ஹா. சீடன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தான். ஹா அவனை ஒதுக்கிவிட்டுத் தானே எழுந்து வந்தார். அது கருணையா கோபமா என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

நியே எங்களைப் பார்த்து, "யாரும் வாயைத் தெறக்கக் கூடாது" என்றார். நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். தலைவரே சொல்லிவிட்டார், நான் என்ன செய்ய முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா அந்த வார்த்தை.

ஹா அண்ணனுக்கு முன்னால் ஒரு கை தூரத்தில் நின்றார். "காரணம் இல்லாம யாரும் கூவமாட்டாங்க. என்ன காரணம்?"

"பழக்கதோஷம் ஐயா."

முதல் அடி நெஞ்சில் விழுந்தது. பெரிய வீச்செல்லாம் இல்லை, கதவைத் தள்ளுகிற மாதிரி உள்ளங்கையை வைத்தார், அவ்வளவுதான். அண்ணன் நாலடி பின்னால் போய் என் வண்டிச் சக்கரத்தில் முட்டி நின்றார். என் பக்கத்தில், தொட்டுவிடும் தூரத்தில். அவர் மூச்சு இழுப்பது எனக்குக் கேட்டது. 'சொல்லிவிடு, சொல்லிவிடு' என்று மனசு அடித்துக்கொண்டது. அவர் என்னைப் பார்த்துக் கண்ணை மட்டும் லேசாக மூடித் திறந்தார். பயப்படாதே என்று சொன்ன மாதிரி இருந்தது. பிறகு தானாகவே நடந்துபோய்ப் பழைய இடத்தில் நின்றார்.

ஹா இப்போது கொஞ்சம் உரக்கக் கேட்டார். "மறுபடியும் கேக்கறேன். அந்தக் கூவலுக்கு ஒரு காரணம் இருந்தா இப்பவே சொல்லலாம். சொன்னா நான் கையை மடக்கிக்குவேன்."

"வாய்தான் ஐயா. கட்டுப்படாத வாய்."

சுற்றி நின்றவர்களில் யாரோ ஒருவன் சிரித்தான். "வாயை வாடகைக்கு விட்டிருக்கான் போல" என்றான் இன்னொருவன். இரண்டாவது அடியில் அண்ணன் முழங்காலில் விழுந்தார். கல்தரையில் இரண்டு சொட்டு ரத்தம் விழுந்தது, அந்தக் குளிரில் அதிலிருந்து ஆவி வந்தது. நியே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் கையை ஊன்றி எழ ரொம்ப நேரம் ஆயிற்று. எழுந்தார்.

மூன்றாவது தடவை ஹா உடனே கையை ஓங்கவில்லை. முற்றம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "இங்க நிக்கிற யாருக்காவது காரணம் தெரியுமா? யார் சொன்னாலும் ஏத்துக்கறேன். ஒரே ஒரு வார்த்தை போதும்."

மனைவியை நினைத்தேன், வரப்போகிற குழந்தையை நினைத்தேன். அதுவும் பொய்தான். நான் நினைத்தது என்னைத்தான். முப்பது பேருக்கு முன்னால் தூங்குமூஞ்சி என்று நிற்பதை நினைத்துக் கூசினேன். ஹா காத்திருந்தார். அவர் சீடர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். "ஆசான் பேரம் பேசறாரா?" என்று ஒருவன் வாய்விட்டே கேட்டுவிட்டான்.

மூன்றாவது அடி விழுந்த சத்தத்தை நான் சொல்லப்போவதில்லை. அண்ணன் மல்லாந்து கிடந்தார். வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓடப்போன நியேவைச் சீடன் கையை நீட்டித் தடுத்தான், தொட்டுத் தூக்கினால் கணக்கில் வராது. ஒருவரும் அசையவில்லை. அண்ணன் முதலில் ஒருக்களித்தார். பிறகு குழந்தை மாதிரி நாலுகாலில் தவழ்ந்து மேசையருகே போனார். மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். கொடியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

கொடியை வாங்கினால் 'பாடத்துக்கு நன்றி' என்று சொல்ல வேண்டும். அதுதான் முறை. அண்ணன் ஆசானைப் பார்த்துக் கைகூப்பி வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. மறுபடி முயன்று பார்த்தார். ஓட்டை விழுந்த துருத்தி மாதிரி ஒரு சத்தம். ஹா அவரை விட ஆழமாகக் குனிந்து வணங்கி, எங்கள் பக்கம் திரும்பாமலே உள்ளே போய்விட்டார்.

நாற்பது நாள் படுக்கையில் கிடந்து அவர் பிழைத்தார். குரல் பிழைக்கவில்லை. காதருகே வந்து சொன்னால் கேட்கும், அவ்வளவுதான். ஆனால் கம்பெனி பிழைத்தது. சாங்ஜோவில் மூன்று கை வாங்கி எழுந்து நின்றவனின் கம்பெனி என்று பேர் பரவி முன்னைவிட அதிகமாகவே சரக்கு வந்தது. நியே அவரைச் சும்மா உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார். அண்ணன் கேட்கவில்லை. பெய்ஜிங்கில் தெருவில் எது விற்பதானாலும் கூவ வேண்டும், தண்ணீர்க்காரன் முதல் ஊசிக்காரன் வரைக்கும் ஆளுக்கொரு ராகம். கூவாமல் பிழைக்கிறவன் நாவிதன் ஒருவன்தான். அவன் பெரிய இரும்புக் கவையைத் தட்டி ரீங்காரம் எழுப்பிக்கொண்டே போவான், ஆட்கள் வெளியே வருவார்கள். அண்ணன் அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டார்.

பத்து நாளைக்கு ஒருமுறை என் வாசலில் அந்த ரீங்காரம் கேட்கும். முன்நெற்றியை வழித்து, சடையைப் பின்னி, கழுத்தைச் சுத்தம் செய்துவிடுவார். என்னிடம் மட்டும் ஒன்றும் வாங்கமாட்டார். தொண்டையில் அவர் கத்தி ஊரும்போதெல்லாம் இன்றைக்குக் கேட்டுவிடுவார், ஏன்டா நீ சொல்லவில்லை என்று கேட்டுவிடுவார் என்று எனக்கு வியர்க்கும். ஒருநாளும் கேட்கவில்லை. என் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஊதல் மாதிரி வரும் அந்தக் குரலில், "இவ அழுகையில பாதி எனக்குக் குடுத்தா போதும், மறுபடி கம்பெனிக்கு வந்துடுவேன்" என்பார். நான் சிரிப்பேன். அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு அந்த அன்பு ஒரு தண்டனையாகவே இருந்தது. சில நாள் அந்த ரீங்காரம் கேட்டதும் கொல்லைப்புறமாக ஓடியும் போயிருக்கிறேன்.

பிறகு காலம் மாறியது. துப்பாக்கி வந்தது, தந்தி வந்தது, ரயில் வந்தது. சரக்கை எல்லாம் ரயில் கொண்டுபோனது, கம்பெனி வாசலில் புல் முளைத்தது. நியே போய்ச் சேர்ந்தார். பேரரசர் போய்க் குடியரசு வந்ததும் எல்லோரும் பழைய ஆட்சியின் அடையாளமான சடையை அறுத்தார்கள், அந்த ஒரு வருஷம் அண்ணனுக்கு நல்ல வேலை. அதற்கு இரண்டு வருஷம் கழித்து நெஞ்சுச் சளியில் இறந்தார். ஐம்பத்தெட்டு வயது.

சாவு வீட்டில் யூன் அண்ணி என்னிடம் சொன்னார்: "தம்பி, அந்த மனுஷன் எதுக்குக் கூவினாருன்னு கடைசி வரைக்கும் என்கிட்ட சொல்லலியே. நானும் கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன். பழக்கதோஷமாம். இருபது வருஷம் சாங்ஜோவுல வாய மூடிக்கிட்டுப் போனவருக்கு அன்னைக்கு மட்டும் என்ன பழக்கதோஷம்?" நான் தலையைக் குனிந்துகொண்டு ஊதுவத்தியைச் செருகினேன். அவரிடமும் சொல்லவில்லை. என்னைப் போல ஒருத்தன் இருப்பானா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தேன்.

ஏழாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ரயில் ஏறினேன். ரயில் சாங்ஜோ எல்லையிலேயே ஊரே அதிரும்படி ஊதிக்கொண்டு நுழைந்தது. ஏன் ஊதினாய் என்று ஒருவரும் வெளியே வந்து கேட்கவில்லை. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

ஹா உயிரோடு இருந்தார். எழுபதைத் தாண்டிவிட்டது. அதே முற்றத்தில் வெயிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொல்லி, மண்டியிட்டு, தரையில் நெற்றியை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் தூங்கியது, வண்டி சாய்ந்தது, அண்ணன் என் உயிருக்காகக் கூவியது, என் வேலைக்காக வாயைக் கட்டிக்கொண்டது, எல்லாம். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன்.

அவர் பூண்டு உரிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றார்.

"என்ன?"

"உன் வண்டிச் சக்கரத்துல அச்சு வரைக்கும் கால்வாய்ச் சேறு உறைஞ்சு கெடந்துச்சு. உன் மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி இருந்துச்சு. இது தெரியாம நான் ஆசான்னு உக்காந்திருப்பேனா?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "தெரிஞ்சும் ஏன் அடிச்சீங்க?" என்று கத்திவிட்டேன்.

"கத்தாத. எனக்குத் தெரிஞ்சா மட்டும் போதுமா? முப்பது பேரு சுத்தி நிக்கறாங்க. அவங்க காதுல விழற மாதிரி ஒருத்தன் சொல்லணும். நானா அனுமானம் பண்ணிக் கையை மடக்கினா, காசு வாங்கிட்டான்னு அன்னைக்கே இந்தக் கூடத்தை இழுத்து மூடியிருப்பாங்க." பூண்டுத் தோலை ஊதித் தள்ளினார். "அவன் சொல்லமாட்டான்னு முதல் தடவையிலேயே தெரிஞ்சுபோச்சு. அப்புறமும் ரெண்டு தடவை கேட்டேனே, யாரைன்னு நெனச்ச? உன்னைத்தான்."

நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே கேட்டேன்.

"நான் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"என்ன பண்ணுவேன்? குளிர்ல வந்திருக்கீங்க, ஆட்டுச்சூப்பு குடிச்சிட்டுப் போங்கன்னு சொல்லியிருப்பேன்" என்றார் ஹா.